கசப்பான செய்தி மேலே போகும் வழி: தலைமையும் உணர்வுசார் நுண்ணறிவும்

தலைமைப் பண்பு குறித்து இன்று எழுதப்படும் நூல்களிலும் நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளிலும் உணர்வுசார் நுண்ணறிவு என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. தன்னுடைய உணர்வுகளையும் பிறருடைய உணர்வுகளையும் இனங்கண்டு, அவற்றைப் பிரித்தறிந்து, அந்த அறிவைச் சிந்தனைக்கும் செயலுக்கும் வழிகாட்டியாகப் பயன்படுத்தும் திறன் என்று, அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்தனர். கனிவு, இன்சொல், புன்முறுவல் ஆகியவற்றைப் பற்றி இந்த விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆயினும் பயிற்சி வகுப்புகளின் வழியே இக்கருத்து பரவியபோது, எல்லாரிடமும் இதமாக நடந்துகொள்பவரே சிறந்த தலைவர் என்ற எளிய நம்பிக்கையாக அது நீர்த்துப்போயிற்று. தலைமைக்கு இத்திறன் தரும் பயன் முதன்மையாகத் தகவல் சார்ந்தது. கீழே இருப்பவர் அறிந்துவிட்ட கெட்ட செய்தி மேலே இருப்பவரின் காதுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்பதைக் கொண்டே அதை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருத்தின் வரலாறு நீண்டது. பிறரைப் புரிந்துகொண்டு அவர்களுடன் அறிவார்ந்த முறையில் பழகும் ஆற்றலை ‘சமூக நுண்ணறிவு’ என்று எட்வர்ட் தார்ண்டைக் 1920இலேயே தனியாகப் பிரித்துப் பேசினார். ஹோவர்ட் கார்டனர் 1983இல் முன்வைத்த பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டில் தன்னை அறிதலும் பிறரை அறிதலும் இரு தனி வகைகளாக இடம்பெற்றன. எனினும் இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அறிவியல் செய்திகள் எழுதிவந்த டேனியல் கோல்மன். 1995இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் விற்றது. 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் அவர் எழுதிய கட்டுரை, தன்னறிவு, தன்னடக்கம், உள்ளூக்கம், பிறர் நிலையை உணர்தல், சமூகத் திறன் என்ற ஐந்தையும் தலைமையின் கூறுகளாக நிறுவியது. 188 நிறுவனங்களின் திறன் வரையறைகளை ஆராய்ந்ததாகவும், உயர்பதவியில் சிறந்து விளங்குபவர்களுக்கும் சராசரியானவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு உணர்வுசார் கூறுகளால் ஆனது என்றும் அக்கட்டுரை சொன்னது. மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்பட்ட இந்த எண்ணைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அறிவுத்திறன் அல்லாத பெரும்பாலான பண்புகளையும், உழைக்கும் ஊக்கம் உட்பட, உணர்வுசார் நுண்ணறிவு என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் அந்தப் பெட்டி கனப்பது இயல்பே. உயர்பதவிக்கு வருபவர்கள் அறிவுத்திறனில் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள் என்பதால், அவர்களுக்கிடையே அத்திறனில் பெரிய வேறுபாடு தெரிவதற்கான வாய்ப்பும் குறைவு.

அளவிடும் முறையிலும் சிக்கல் உண்டு. சலோவே, மேயர் ஆகியோர் டேவிட் கருசோவுடன் இணைந்து 2002இல் வெளியிட்ட சோதனையில் 141 வினாக்கள் உள்ளன. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி அதில் எந்த உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று கேட்பது அவற்றில் ஒரு வகை. கணக்குக்கு இருப்பதுபோல் இவற்றுக்கு மறுக்க முடியாத விடை கிடையாது என்பதால், பெரும்பான்மையோர் அல்லது வல்லுநர்கள் எதைச் சொல்கிறார்களோ அதுவே சரியான விடையாகக் கொள்ளப்படுகிறது. இதற்கு மாற்றாகப் புழங்கும் தன்மதிப்பீட்டு வினாத்தாள்களோ, தன்னைப் பற்றிய அறிவு குறைந்தவரிடமே அவருடைய தன்னறிவைப் பற்றிக் கேட்கும் விந்தையைச் செய்கின்றன. இந்தக் குழப்பங்களைச் சுட்டிக்காட்டி, இது நுண்ணறிவின் வகையே அன்று என்று எட்வின் லாக் 2005இல் வாதிட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்டெஃபன் கோட்டே, கிறிஸ்டோபர் மைனர்ஸ் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், பொது அறிவுத்திறன் குறைந்தவர்களிடம் உணர்வுசார் நுண்ணறிவுக்கும் பணித்திறனுக்கும் இடையிலான தொடர்பு வலுவாக இருந்தது. டானா ஜோசஃப், டேனியல் நியூமன் ஆகியோர் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2010இல் செய்த பகுப்பாய்வோ, உணர்வு உழைப்பு மிகுந்த வேலைகளில்தான் இத்திறன் பயன்தருகிறது என்று கண்டது. பணியின் பொருட்டு ஒருவர் தம் உணர்வுகளை அடக்கவோ வரவழைத்துக் காட்டவோ வேண்டியிருப்பதை ‘உணர்வு உழைப்பு’ என்பர். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை நிலைநாட்டியது. ஆக, எல்லா வேலைக்கும் எல்லாத் தலைவருக்கும் இது சர்வரோக நிவாரணி என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை.

தலைவரின் மனநிலை குழுவுக்குத் தொற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தாமஸ் சை, கோட்டே, ரிச்சர்ட் சாவேத்ரா ஆகிய மூவரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், குழுத் தலைவர்களாக நியமிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் மகிழ்வூட்டும் அல்லது மனத்தை வாட்டும் காட்சிப் படம் ஒன்று காட்டப்பட்டது. பிறகு குழுவினர் கண்களைக் கட்டிக்கொண்டு ஒரு கூடாரத்தை அமைக்க வேண்டும். மகிழ்ச்சியான தலைவரைப் பெற்ற குழுக்கள் ஒருங்கிணைப்பில் சிறந்து விளங்கின என்பது எதிர்பார்த்ததே. ஆனால் வாட்டமுற்ற தலைவரைப் பெற்ற குழுக்கள்தாம் அதிக முயற்சி செலுத்தின. தலைவரின் முகவாட்டத்தை, வேலை சரியாக நடக்கவில்லை என்ற செய்தியாகக் குழுவினர் படித்துக்கொண்டார்கள் என்று இதற்கு விளக்கம் தரலாம். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவரின் முகத்தை எந்நேரமும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், தம் முகம் படிக்கப்படுவதைப் பெரும்பாலான தலைவர்கள் அறிவதில்லை என்பதும் பணியிடங்களில் நாள்தோறும் காணக்கூடியவை.

இந்த வாசிப்பு உயிர்களைக் காக்கவும் பறிக்கவும் வல்லது என்பதை நிமிடக் கணக்கில் பதிவுசெய்து வைத்திருக்கும் இடம் விமானி அறை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். அருகிலிருந்த கிரான் கனாரியா விமான நிலையத்தில் வெடித்த குண்டு காரணமாக லோஸ் ரோடியோஸுக்குத் திருப்பிவிடப்பட்ட விமானங்களால் அந்தச் சிறிய நிலையம் நிரம்பியிருந்தது, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, பணிநேர வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்ற கவலையும் கேஎல்எம் விமானக் குழுவினருக்கு இருந்தது. அதன் தலைமை விமானி அந்நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர், நிறுவன விளம்பரத்தில் படம் இடம்பெற்றவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானிக்குச் சிறிது காலத்துக்கு முன் 747 ஓட்டத் தகுதிச் சான்று அளித்தவரும் அவரே.

ஓடுபாதையின் முனையில் விமானத்தைத் திருப்பி நிறுத்தியதும் தலைமை விமானி வேகத்தைக் கூட்டத் தொடங்கினார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். அது தமக்குத் தெரியும் என்றும் அனுமதியைக் கேட்குமாறும் தலைமை விமானி பதில் தந்தார். மேலெழுந்தபின் செல்ல வேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி மட்டுமே கோபுரத்திலிருந்து கிடைத்தது. மேலெழும் அனுமதி அதில் இல்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் நகரத் தொடங்கிவிட்டது. ஒரு முறை தலைவரைத் திருத்தியவர் இரண்டாம் முறை திருத்தவில்லை. கோபுரத்தின் எச்சரிக்கையும் பான் ஆம் விமானியின் குரலும் வானொலியில் ஒரே கணத்தில் மோதிக்கொண்டதால் கீச்சொலியே மிகுதியாகக் கேட்டது. சில நொடிகள் கழித்து, ஓடுபாதையிலிருந்து விலகியதும் தெரிவிப்பதாகப் பான் ஆம் விமானி சொன்னது கேட்டுச் சந்தேகம் கொண்டவர் பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் ஒருவரே; அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று அவர் கேள்வியாகவே கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமான பதில் வந்தது. அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. கேஎல்எம் விமானத்தில் இருந்த 248 பேரும் உயிரிழந்தனர்.

பனி, நெரிசல், வானொலிக் குறுக்கீடு, தெளிவற்ற சொல்லாட்சி எனப் பல காரணங்கள் ஒன்றுகூடிய விபத்து இது. ஒருவர் மீது மட்டும் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் உண்மை நிலையை ஐயுற்ற ஒரு மூளை அந்த அறையில் இருந்தது என்பதும், அதன் ஐயம் கட்டளையிடும் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் ஒலிப்பதிவில் உள்ளன. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இதே குறை வேறு வடிவில் வெளிப்பட்டது. தரையிறங்கும் சக்கரங்கள் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்ற சந்தேகத்தில் யுனைட்டெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டது. தலைமை விமானியின் கவனம் முழுவதும் சக்கரத்தில் குவிந்திருக்க, எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் ஜாடையாகவே குறிப்பிட்டனர். எரிபொருள் தீர்ந்து விமானம் ஊருக்குள் விழுந்தது. இறந்த 10 பேரில் அந்தப் பொறியாளரும் ஒருவர். தம் உயிரே போகும் நிலையிலும் ஒருவர் மேலதிகாரியிடம் அழுத்திச் சொல்லத் தயங்குவார் என்றால், வேலை மட்டுமே போகக்கூடிய அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் இடையே உள்ள இந்த உயர வேறுபாட்டை விமானத்துறையினர் ‘அதிகாரச் சரிவு’ என்று அழைக்கின்றனர். சரிவு செங்குத்தாக இருந்தால் சொல் மேலே ஏறாது. சரிவே இல்லாவிட்டால் முடிவெடுக்க ஆள் இருக்காது. நாசா அமைப்பு 1979இல் கூட்டிய ஆய்வரங்கிலிருந்து ‘குழுவள மேலாண்மை’ என்ற பயிற்சிமுறை உருவாயிற்று. யுனைட்டெட் நிறுவனம் அதை 1981இல் தொடங்கியது. இளையவர் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் கேட்கவும் பழக்குவதே இதன் சாரம். சலோவேயும் மேயரும் 1997இல் பகுத்துக் காட்டிய நான்கு கிளைகளான உணர்வை இனங்காணல், சிந்தனைக்குப் பயன்படுத்தல், புரிந்துகொள்ளல், நெறிப்படுத்தல் ஆகியவை இங்கே நடைமுறை வடிவம் பெறுகின்றன. தன் பதற்றம் தன் கவனத்தை ஒரே புள்ளியில் குவித்துவிட்டது என்று தலைமை விமானி தன்னைத்தானே கண்டுகொள்வது முதல் கிளை. துணை விமானியின் ஜாடைப் பேச்சுக்குப் பின்னால் அச்சம் இருக்கிறது என்று கண்டு, அந்த அச்சத்தையே ஒரு தரவாகக் கொண்டு எரிபொருள்மானியைத் திரும்பிப் பார்ப்பது மற்ற கிளைகள். கனிவாகப் பேசினாரா என்பது இதில் இரண்டாம்பட்சம்.

1989 ஜூலை 19 அன்று இந்தப் பயிற்சி அதன் பயனைக் காட்டியது. யுனைட்டெட் 232 என்ற டிசி-10 விமானத்தின் வால்பகுதி இயந்திரம் சிதறியதில், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று நீரழுத்த அமைப்புகளும் ஒருசேரச் செயலிழந்தன. அப்படியொரு நிலைக்குக் கையேட்டில் வழி எதுவும் இல்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியை விமானி அறைக்குள் அனுமதித்து, எஞ்சிய இரு இயந்திரங்களின் விசையை மாற்றி மாற்றி விமானத்தைத் திருப்பும் வேலையை அவர் கையில் ஒப்படைத்தார். ஏறத்தாழ 44 நிமிடங்கள் விமானி அறையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லியும் மறுத்தும் விமானத்தை சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுவந்தனர். தரையில் மோதிச் சிதறிய அந்த விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். பின்னாளில் தம் உரைகளில் ஹெய்ன்ஸ் இதற்கான சிறப்பைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் குழுவள மேலாண்மைப் பயிற்சிக்கே தந்தார்.

மருத்துவமனையில் கிடைத்த சான்று இன்னும் நுட்பமானது. சிறந்த செவிலியர் குழுக்களில் மருந்து வழங்குவதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து, இரு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், அதற்கு நேர்மாறான முடிவைக் கண்டார். நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள பிரிவுகளில்தான் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. அப்பிரிவுகளில் பிழைகள் மறைக்கப்படாமல் வெளியே சொல்லப்பட்டன என்பதே இதன் விளக்கம் என்று 1996இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டினார். பிழையை ஒப்புக்கொண்டாலோ கேள்வி கேட்டாலோ அவமானமோ தண்டனையோ நேராது என்று குழுவினர் பொதுவாக நம்பும் நிலைக்கு ‘உளவியல் பாதுகாப்பு’ என்று பெயரிட்டு, ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களிடம் அவர் நடத்திய ஆய்வு 1999இல் வந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிழையில்லாப் பிரிவுக்குப் பரிசு கொடுக்கும் நிர்வாகி, பெரும்பாலும் அச்சத்துக்கே பரிசு கொடுக்கிறார் என்பது இந்த ஆய்விலிருந்து பெறத்தக்க முடிவு.

இந்திய விண்வெளித் துறையிலிருந்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு நிகழ்ச்சியையும் இந்தக் கோணத்தில் மீண்டும் பார்க்கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்எல்வி-3 வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்களைத் திட்ட இயக்குநர் அப்துல் கலாமிடம் விடாமல், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவானே எதிர்கொண்டு பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர்களிடம் பேசுமாறு கலாமை முன்னிறுத்தினார். தவானின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இது மேடைகளில் சொல்லப்படுகிறது. கலாம் தாமே பலமுறை சொன்ன முன்கதை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஏவுதலுக்குமுன் கணினி நிறுத்தச் சொன்னது. கசிவு இருந்தாலும் எரிபொருள் கையிருப்பு போதும் என்று வல்லுநர்கள் கருதினர். கணினியை மீறி ஏவ முடிவெடுத்தவர் கலாம். அதாவது இங்கே கெட்ட செய்தி உரிய நேரத்தில் தலைமைக்கு வந்தது, ஆனால் மதிக்கப்படவில்லை. இதைக் கலாம் பின்னாளில் ஒளிவுமறைவின்றிச் சொல்ல முடிந்ததற்கும், தோல்வியின் காரணங்களை அந்தக் குழு விரைவாக அறிந்து ஓராண்டுக்குள் திருத்த முடிந்ததற்கும், பழி எங்கே விழும் என்ற அச்சத்தைத் தவான் முதல் நாளே அகற்றியது உதவியிருக்க வேண்டும். பெருந்தன்மை என்று போற்றப்படும் செயல், பழுதாய்வுக்கான முன்னேற்பாடாகவும் இருந்தது.

மன்னனுக்குச் சொல்லும் அறிவுரைகளில் வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, கடிந்துரைப்பவர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பை மன்னனிடமே விட்டது இங்கே நினைக்கத்தக்கது. சொல்பவனின் துணிச்சலை மட்டும் நம்பியிருக்கும் அமைப்பு நெடுநாள் நிற்பதில்லை.

உணர்வுகளைப் படிக்கும் திறன் நற்பண்பாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கோட்டேயும் பிறரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வுகளை நெறிப்படுத்தும் அறிவு பிறர்நலம் நாடுவோரிடம் நற்செயலையும், தன்னலச் சூழ்ச்சியாளரிடம் பிறரை இழிவுபடுத்தும் செயலையும் ஒருசேர வளர்ப்பது தெரிந்தது. யோகன் மெங்கஸ் குழுவினரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு இதைவிடக் கவலைக்குரியது: கவர்ச்சிமிக்க தலைவரின் முன்னிலையில் தொண்டர்கள் தம் சொந்த உணர்வுகளை அடக்கிக்கொள்கின்றனர் என்று அது காட்டியது. அச்சத்தால் வாய் மூடுவதும் வியப்பால் வாய் மூடுவதும் தகவல் நோக்கில் ஒன்றுதான். மேடையில் கூட்டத்தை உருக வைக்கும் தலைவரை உணர்வுசார் நுண்ணறிவு மிக்கவர் என்று புகழ்வதற்குமுன், அவருடைய அறைக்குள் எதிர்ச்சொல் சொன்னவர் எவரேனும் பதவியில் நீடிக்கிறாரா என்று பார்ப்பது நல்லது.

இத்திறனை அமைப்பு முறையாக மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு அறுவைச் சிகிச்சை அறையில் கலவையான விடையே கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தியை எடுப்பதற்குமுன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஒரு முறை வாய் திறந்தவர் அடுத்த முறை திறக்கத் தயங்கமாட்டார் என்ற எளிய உளவியல் அதற்குள் இருக்கிறது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பட்டியலின் பயன்பாட்டைப் பொதுவெளியில் அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது; ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றுவதாக மருத்துவமனைகள் அறிவித்தன. அங்கே 101 மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரையின்படி, இறப்பு விகிதம் 0.71 விழுக்காட்டிலிருந்து 0.65 விழுக்காடாக மட்டுமே மாறியது. புள்ளியியல் நோக்கில் அது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. படிவத்தில் குறியிடுவது நடந்ததே தவிர, அந்த அறைகளில் செவிலியர் சொல்வதை அறுவை மருத்துவர் நின்று கேட்டாரா என்பதை எந்தப் படிவமும் பதிவுசெய்யவில்லை என்று அம்முடிவுக்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.